சிரசாசனம் பழக எந்த வழி: சுவரா, நடுத்தரையா, ஸ்டூலா, கயிறா?

சிரசாசனம் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். சுவரோரமாக ஆரம்பிப்பதா, முதலிலிருந்தே சுவர் இல்லாமல் பழகுவதா? தோளைத் தாங்கும் ஸ்டூல் ஆன்லைனில் கிடைக்கிறதே, அதை வாங்கினால் கழுத்துப் பயம் தீர்ந்ததா? கயிற்றில் தலைகீழாகத் தொங்கவிடும் வகுப்பில் சேரலாமா? இல்லை, ஐம்பதை நெருங்கும் வயதில் இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிடலாமா? யாரைக் கேட்டாலும் தான் கற்ற வழிதான் சரி என்கிறார்கள். கேட்டவர் இன்னும் குழம்பிப் போகிறார்.

இங்கே பேசப்போவது முன்னங்கைகளைத் தரையில் ஊன்றி, விரல்களைக் கோத்து, அதற்குள் தலையை வைத்து நிற்கும் சிரசாசனம் பற்றி மட்டும். இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்து முக்கோணமாக நிற்கும் வகையில் கழுத்துக்குச் சுமை இன்னும் கூடுதல். புதிதாகப் பழகுகிறவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, கழுத்து சுமக்கும் எடை. "முன்னங்கைதான் தாங்கும், தலை சும்மா தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்" என்று வகுப்புகளில் சொல்வார்கள். அப்படி நிற்கத்தான் முயல வேண்டும். ஆனால் அளந்து பார்த்தபோது வந்த கணக்கு வேறு. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், சிரசாசனம் ஏற்கெனவே நன்றாகப் பழகிய 45 பேரைக் கருவிகளின் மேல் நிற்கவைத்து அளந்தார்கள். உச்சந்தலையில் விழுந்த விசை, அதிகபட்ச நேரத்தில் உடல் எடையில் 40 முதல் 48 சதவீதம் வரை இருந்தது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது ஏறக்குறைய 24 முதல் 29 கிலோ. நாம் நிமிர்ந்து நடமாடும்போது கழுத்து தாங்குவது தலையின் எடையை மட்டும்தான், அதாவது சுமார் 5 கிலோ. நன்கு பழகியவர்களுக்கே இந்த அளவு என்றால், தோளில் வலு வராமல் முதல் வாரத்திலேயே காலை உதறி மேலே போகிறவரின் கழுத்து என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, இறங்குவது. மேலே போகப் பலருக்குத் தெரிகிறது. தடுமாறினால் எந்தப் பக்கம் விழுவோம், களைத்துவிட்டால் மெதுவாக எப்படி இறங்குவோம் என்று தெரிந்தவர்கள் குறைவு. ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டையும்தான் நான் முதலில் பார்ப்பேன். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

மூன்றாவது, அந்த வழி உடம்புக்கு எதைப் பழக்குகிறது என்பது. தோள் வலு ஒன்று, சமநிலை ஒன்று, தலைகீழாக இருக்கும் பயம் போவது இன்னொன்று. இந்த மூன்றையும் ஒரே வழி தந்துவிடாது. நான்காவது, பணமும் இடமும்.

ஐந்தாவது, கண்ணும் ரத்த அழுத்தமும். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், கழுத்துப் பிரச்சினையைத் தீர்க்கும் வழிகள் இதைத் தீர்ப்பதில்லை. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 75 யோகப் பயிற்சியாளர்களைச் சோதித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகி, ஆசனம் முடியும்வரை அப்படியே இருந்தது. எல்லா வயதினருக்கும் இதே நிலைதான். அந்தப் பயிற்சியாளர்களிடம் கண் அழுத்தம் எப்போதும் உயர்ந்தே இருக்கும் நிலை வழக்கத்தைவிட அதிகமாகக் காணப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆரோக்கியமான கண் தாங்கிக்கொள்கிறது. ஆனால் கிளாக்கோமா (கண் நரம்பைப் பாதிக்கும் நோய்) இருப்பவருக்கும், விழித்திரை விலகியவருக்கும், அந்த ஆபத்து உண்டு என்று மருத்துவர் சொன்னவருக்கும் இந்த இரண்டு மடங்கு சின்ன விஷயமில்லை. கிளாக்கோமா ஆரம்பத்தில் வலியே இல்லாமல் வரக்கூடியது. எனவே நாற்பது தாண்டியவர்களும், குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் உள்ளவர்களும் கண் மருத்துவரிடம் அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு ஆரம்பிப்பதே முறை. கட்டுக்குள் இல்லாத பிரஷர், கழுத்து எலும்புத் தேய்மானம், எலும்பு வலுவிழப்பு, பக்கவாத வரலாறு ஆகியவை இருந்தால் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் எந்த வழியும் வேண்டாம். கர்ப்ப காலத்தில் புதிதாகக் கற்கவும் கூடாது. மாதவிடாய் நாட்களில் தவிர்ப்பது பல யோக மரபுகளின் வழக்கம். நம் ஆசிரியர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் கண்ணாடி முன்னால் நின்று ஒன்றைப் பாருங்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, வலது கையால் இடது முழங்கையையும் இடது கையால் வலது முழங்கையையும் பிடியுங்கள். முன்னங்கைகள் உச்சந்தலைக்கு நன்றாக மேலே இடைவெளி விட்டு நிற்கின்றனவா, அல்லது தலையை உரசிக்கொண்டோ அதற்குக் கீழேயோ நிற்கின்றனவா? இடைவெளி இல்லாதவர்களுக்கு, மேற்கை நீளம் கழுத்தும் தலையும் சேர்ந்த நீளத்தைவிடக் குறைவாக இருக்கலாம், அல்லது தோள் இறுகியிருக்கலாம். இவர்கள் தலைகீழாக நின்றால் முன்னங்கை ஊன்றுவதற்குள் தலை எடையை வாங்கிவிடும். உடம்பின் அமைப்பு அப்படி. முன்னங்கைகளுக்குக் கீழே மட்டும் மடித்த போர்வை வைத்து உயர்த்தினால் ஓரளவு சரியாகும். கணினி முன்னால் நாளெல்லாம் கூன்போட்டு உட்காருகிறவர்களில் நிறையப் பேருக்குத் தோள் இறுக்கம்தான் காரணம். அதற்கு வேண்டியது சில வார தோள் பயிற்சி.

## சுவரோரம் பழகுவது

வீட்டில் தனியாகப் பழகுகிறவர்களில் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது இது. செலவு கிடையாது, பின்னால் சாய்ந்தாலும் சுவர் பிடித்துக்கொள்ளும், பயம் சீக்கிரம் போகும். இவை உண்மையான பலன்கள்தான். யோக ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் வழியில் ஆரம்பப் பயிற்சி பெரும்பாலும் சுவரோரமாகவே நடக்கும். ஒற்றைச் சுவரைவிட இரண்டு சுவர்கள் சேரும் மூலை இன்னும் நல்லது. பக்கவாட்டில் சரிவதையும் அது தடுக்கும்.

கோத்த விரல்கள் சுவரிலிருந்து இரண்டு, மூன்று அங்குல தூரத்துக்குள் இருக்க வேண்டும். பயத்தில் ஒரு அடி தள்ளி வைப்பவர்கள் உண்டு. அப்போது கால் சுவருக்கு எட்ட, முதுகு வில்லாக வளையும், வயிறு முன்னால் தள்ளும், கீழ் முதுகு நசுங்கும். கழுத்தும் பின்னுக்கு வளைந்தபடியே எடையை வாங்கும்.

சுவரின் மறைமுக விலை உதைத்து ஏறும் பழக்கம். பின்னால் சுவர் இருக்கிறது என்ற தைரியத்தில் ஒரு காலை வீசி மேலே போய்விடலாம். வயிற்றுத் தசைக்கும் தோளுக்கும் வேலையே இல்லாமல் ஆசனம் 'வந்துவிடும்'. மேலே சொன்ன ஆய்வில், கழுத்தின் மேல் விசை மிக வேகமாகக் கூடியது மேலே ஏறும் கட்டத்தில்தான். அப்படியிருக்க, வீசி ஏறுவது அந்தக் கட்டத்தையே இன்னும் மோசமாக்குகிறது. மாதக்கணக்கில் இப்படிப் பழகியவர் சுவரை விட்டுத் தள்ளி வந்ததும் ஒரு நொடிகூட நிற்க முடியாமல் தவிப்பார். அவர் பழகியது சுவரில் சாய்வதை.

சுவரைப் பயன்படுத்த இன்னொரு முறை உண்டு. எனக்கு இதுதான் பிடிக்கும். சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்காருங்கள். குதிகால் எட்டும் இடத்தை அடையாளம் வையுங்கள். இப்போது திரும்பி, அந்த இடத்தில் முழங்கைகளை ஊன்றி, தலை அறையின் பக்கமும் குதிகால் சுவரின் பக்கமும் இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சுவரில் கால் வைத்து நடந்து ஏறி, தொடை தரைக்கு இணையாக வரும்போது நிறுத்துங்கள். இடுப்பு தோளுக்கு நேர் மேலே வந்திருக்கும். உதைக்கவே வேண்டியதில்லை. சுவரில் கால் வைத்தே இறங்கிவிடலாம். தோள் களைக்கிறதா, கழுத்தில் அழுத்தம் கூடுகிறதா என்று நிதானமாகக் கவனிக்க அவகாசமும் கிடைக்கும். முழு சிரசாசனத்துக்குப் போகாமல் இதிலேயே பல மாதங்கள் இருக்கலாம்.

நம் வீடுகளில் காலியான சுவர் கிடைப்பது சுலபமில்லை. ஷெல்ஃப், சுவிட்ச் போர்டு, காலண்டர் ஆணி, சாத்தாத கதவு எல்லாவற்றையும் பாருங்கள். டைல்ஸ் தரையில் மெல்லிய மேட் நகரும். மேட்டின் மேல் ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டால் தலைக்குப் போதும். தலையணையோ மெத்தையோ வைக்கவே கூடாது. மிருதுவானதில் தலை புதையும், கழுத்து ஆடும், முன்னங்கைக்குப் பிடிமானம் இருக்காது.

தலைகீழாவதைப் பற்றிய பயம்தான் பெரிய தடை என்பவர்களுக்கும், வாரத்துக்கு ஒரு முறையாவது ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வாய்ப்புள்ளவர்களுக்கும் சுவர் ஏற்றது. தனியாகத்தான் பழக வேண்டும் என்றால் போனைப் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள். முதுகு வளைவும், காது தோளை நோக்கிப் புதைவதும் அதில் தெரிந்துவிடும்.

## நடுத்தரையில், ஆசிரியர் பக்கத்தில்

பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தரின் வழியில் அமைந்த மையங்களில் சிரசாசனம் பன்னிரண்டு அடிப்படை ஆசனங்களில் முதலாவது. அங்கே பொதுவாகச் சுவர் இல்லாமல், அறையின் நடுவிலேயே கற்றுக்கொடுப்பார்கள். முதலில் டால்ஃபின் பயிற்சி: முன்னங்கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, உடலை முன்னும் பின்னும் நகர்த்துவது. தலை தரையில் படாது. அப்புறம் தலையை வைத்து, காலால் மெல்ல நடந்து இடுப்பைத் தோளுக்கு மேலே கொண்டுவருவது. அங்கிருந்து முழங்காலை மடித்து மார்போடு சேர்த்து நிற்பது. அந்த மடித்த நிலையில் ஆடாமல் நின்று மூச்சுவிட முடியும்வரை காலை நிமிர்த்தக் கூடாது.

இந்த வழியின் பெரிய பலமே இந்த நிறுத்தங்கள்தான். ஒவ்வொரு படியிலும் திரும்பிவர வழி இருக்கிறது. ஏறிய பாதையிலேயே இறங்குவதால் இறங்குவதும் தானாகவே கைவருகிறது. வயிறும் தோளும் உண்மையாக வேலை செய்கின்றன. பின்னால் சரிந்தால் என்ன செய்வது என்பதையும் நல்ல ஆசிரியர் தரையிலேயே பழக்கிவிடுவார்: கோத்த விரல்களைத் தளர்த்தி, மோவாயை மார்பில் சேர்த்து, முழங்காலை மடக்கி, முதுகை உருட்டி விடுவது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நடு அறையில் நிற்க யாரையும் நான் சொல்ல மாட்டேன். பின்பக்கம் ஆள் நீளத்துக்காவது காலி இடம் வேண்டும். கட்டில் விளிம்போ டீப்பாயோ அங்கே இருக்கக் கூடாது.

இதன் மறைமுக விலை நேரம். வலு குறைந்தவர்களுக்குப் பல மாதங்கள் ஆகலாம், அதுவரை 'வரவில்லை' என்ற சோர்வு இருக்கும். அடுத்தது, "ஆசிரியர் பக்கத்தில்" என்பது உண்மையிலேயே பக்கத்தில் இருக்க வேண்டும். முப்பது பேர் நிற்கும் கூடத்தில் ஒரே ஆசிரியர் எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறுவது இந்த வழி ஆகாது. பக்கத்தில் இருப்பவர் சரிந்தால் அடுத்தவரும் சரிவார். அதுமட்டுமில்லை, கூட்டத்தில் தனக்கு மட்டும் வரவில்லையே என்று முண்டி ஏறுகிறவர்கள் கழுத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

சென்னையில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் மரபில் ஒருவருக்கு ஒருவராகச் சொல்லிக்கொடுக்கும் முறை உண்டு. 1976-ல் அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் அந்த வழியில் வந்தது. ஆளுக்கேற்ற ஆசனம் என்பதே அங்கே அடிப்படை. உங்கள் உடம்புக்குச் சிரசாசனமே வேண்டாம் என்றும் அங்கே ஒருவர் சொல்லக்கூடும். அதைக் கேட்கத் தயாராக இருந்தால் தனி வகுப்புக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

ஐயங்கார் வழியில் சிரசாசனத்தைத் தொடர்ந்து சர்வாங்காசனம் (தோளில் நின்று காலை மேலே தூக்குவது) செய்தே ஆக வேண்டும் என்பார்கள். அப்படியானால் நீங்கள் கற்க வேண்டியது இரண்டு ஆசனங்கள். சர்வாங்காசனத்திலும் கழுத்துக்கு வேலை உண்டு, அதற்கும் தோளுக்கடியில் போர்வை வைக்கக் கற்க வேண்டும். நேரத்தைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## தோள் தாங்கும் ஸ்டூல்

மெத்தை வைத்த இரண்டு தோள்தாங்கிகள், நடுவில் தலை தொங்க இடம், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி: அவ்வளவுதான் ஸ்டூல். எடை தோளில் இறங்கும், தலை தரையில் படாமல் தொங்கும். கழுத்துச் சுமை என்ற முதல் அளவுகோலில் இது தெளிவாக முன்னே நிற்கிறது. விலை சில ஆயிரம் ரூபாய். கட்டிலுக்கடியில் நுழையாது, எனவே சின்ன வீட்டில் நிரந்தரமாக ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு எடை தாங்கும் என்று தயாரிப்பாளர் குறித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

இதை வாங்குகிறவர்கள் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று: ஸ்டூலில் நிற்கத் தெரிந்தவருக்குச் சிரசாசனம் தெரியாது. முன்னங்கையால் தரையைத் தள்ளும் வலு இதில் வருவதில்லை. ஒரு வருடம் ஸ்டூலில் நின்றுவிட்டு, தைரியம் வந்துவிட்டது என்று தரையில் தலையை வைப்பது ஆபத்து. மனத்துக்குப் பயம் போயிருக்கும், தோளுக்கு வலு வந்திருக்காது. இரண்டாவது, சுலபமாக இருப்பதால் நீண்ட நேரம் நிற்கத் தோன்றும். கண்ணின் அழுத்தத்துக்கும் பிரஷருக்கும் தலை தரையில் படுகிறதா என்பது பொருட்டே இல்லை. தலை கீழே இருந்தாலே அவை மாறும். "கழுத்துக்கு எதுவுமில்லை, அதனால் பத்திரம்" என்று கிளாக்கோமா உள்ளவர் ஸ்டூல் வாங்கினால் அது தவறான கணக்கு.

ஸ்டூலுக்குப் பதிலாக இரண்டு நாற்காலிகளை நடுவில் தலை நுழையும் இடைவெளி விட்டுப் போட்டு, மேலே போர்வை மடித்து வைத்துச் செய்வதும் உண்டு. கனமான, ஆடாத நாற்காலிகளை வைத்து, அமைத்துக் கொடுக்க ஆள் இருந்தால் மட்டும் செய்யுங்கள். வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கிப் பிரியும். அதில் முயலவே வேண்டாம்.

தலைகீழ் நிலை பிடித்திருக்கிறது, கழுத்தில் எடை வேண்டாம், தரையில் சிரசாசனம் போடும் எண்ணமும் இல்லை என்பவருக்கு ஸ்டூல் முழுமையான விடை. மற்றவர்களுக்கு அது துணைக் கருவி மட்டுமே.

## கயிறு

சுவரில் பதித்த கொக்கிகளில் கயிறு மாட்டி, அதை இடுப்பில் கொடுத்துத் தலைகீழாகத் தொங்குவது ஐயங்கார் வழி வகுப்புகளில் பழக்கம். தலையும் தோளும் எதையும் சுமப்பதில்லை. முதுகு தன் எடையிலேயே நீளும். உடல் எடை அதிகமுள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் தலைகீழ் அனுபவத்தைத் தர இதைவிட இதமான வழி எனக்குத் தெரியாது. இடுப்பு மடிப்பில் கயிறு அழுத்துவது முதலில் சங்கடமாக இருக்கும், போர்வை மடித்து வைத்தால் குறையும்.

வீட்டில் செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு: கொக்கி பதிக்கும் சுவர் முழு ஆளின் எடையையும் இழுப்பையும் தாங்க வேண்டும். உள்ளே குழியுள்ள பிளாக் சுவர், மெல்லிய தடுப்புச் சுவர், வாடகை வீடு எல்லாம் இதற்கு ஒத்துவராது. எனவே இது வகுப்புக்குப் போய்ச் செய்கிற வழி. சமநிலையையோ தோள் வலுவையோ இது கற்றுத்தராது. கண், பிரஷர் எச்சரிக்கைகள் ஸ்டூலுக்குச் சொன்னதுபோலவே முழுதாக இதற்கும் பொருந்தும்.

## சிரசாசனம் வேண்டாம் என்று முடிவெடுப்பது

இதை ஒரு தோல்வியாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதற்காகச் சிரசாசனம் வேண்டும் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். முடி வளரும், ஞாபகசக்தி கூடும் என்று கேள்விப்பட்டு ஆரம்பிப்பவர்கள் நிறைய. அவற்றுக்கு உறுதியான சான்று கிடையாது. அதற்காகக் கழுத்தை வைத்துச் சோதனை செய்ய வேண்டியதில்லை.

தோளும் முதுகும் வலுப்பட வேண்டும் என்றால் டால்ஃபின் மட்டுமே போதும், கழுத்துக்கு எடை துளியும் இல்லை. வேலை முடிந்து வந்த அலுப்பும் கால் கனமும் குறைய வேண்டும் என்றால், சுவரில் காலைத் தூக்கி வைத்து மல்லாந்து படுப்பதே போதும். இடுப்புக்கடியில் மடித்த போர்வை வைத்துக்கொள்ளலாம். இதை விபரீதகரணி என்று பல வகுப்புகளில் சொல்வார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. 2015-ல் நான்கு ஆசனங்களில் கண் அழுத்தத்தை அளந்த ஓர் ஆய்வில், சாதாரணமாக எல்லா வகுப்பிலும் செய்யும் அதோமுக ஸ்வானாசனத்தில்தான் (கையும் காலும் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, தலையைத் தொங்கவிடுவது) அழுத்தம் அதிகம் ஏறியது. சுவரில் கால் வைத்துப் படுப்பதில் ஏற்றம் மிகக் குறைவு. டால்ஃபினும் தலை தொங்கும் ஆசனம்தான். எனவே கிளாக்கோமா உள்ளவர் சிரசாசனத்தை விட்டுவிட்டு டால்ஃபினுக்கு மாறினால் பிரச்சினை தீர்ந்துவிடாது. அவருக்குச் சுவரில் கால் வைத்துப் படுப்பதுதான் கேட்டுப் பார்க்கத் தகுந்தது, அதையும் கண் மருத்துவரிடம் கேட்டுவிட்டு.

எண்பது வயதிலும் தினம் சிரசாசனம் போடும் தாத்தா ஒருவரைப் பற்றி நம் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். அவர்கள் இளமையிலேயே பழகி, விடாமல் செய்து, உடம்பை அதற்கு ஏற்றபடி வளர்த்தவர்கள். அறுபதில் புதிதாகத் தொடங்குகிறவர் தன்னை அவரோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | கழுத்தில் எடை | இறங்குவதும் விழுவதும் | எதைப் பழக்குகிறது | செலவு, இடம் | கண், பிரஷர் |
|---|---|---|---|---|---|
| சுவரோரம், முழு நிலை | அதிகம். உதைத்து ஏறினால் இன்னும் அதிகம் | பின்னால் விழாது, பக்கவாட்டில் சரியலாம் | பயம் போவது | செலவில்லை. காலி மூலை | எச்சரிக்கை முழுதும் |
| சுவரில் கால், அரை நிலை | நடுத்தரம் | சுவரில் நடந்தே இறங்கலாம் | தோள் வலு, நிதானம் | செலவில்லை | எச்சரிக்கை முழுதும் |
| நடுத்தரை, ஆசிரியருடன் | அதிகம். தோள் வலுப்பட்டால் குறையும் | ஏறிய வழியே இறக்கம். உருளத் தெரிய வேண்டும் | வலு, சமநிலை | வகுப்புக் கட்டணம், மாதங்கள் | எச்சரிக்கை முழுதும் |
| ஸ்டூல் | இல்லை | சுலபம்; ஸ்டூல் ஆடக் கூடாது | பயம் போவது | சில ஆயிரம் ரூபாய், நிரந்தர இடம் | எச்சரிக்கை முழுதும் |
| கயிறு | இல்லை | முதலில் உதவி வேண்டும் | முதுகு நீட்சி | வகுப்பு. வீட்டில் கடினம் | எச்சரிக்கை முழுதும் |
| டால்ஃபின் | இல்லை | முழங்காலை மடக்கினால் போதும் | தோள் வலு | எதுவுமில்லை | தலை தொங்குவதால் எச்சரிக்கை உண்டு |
| சுவரில் கால், மல்லாந்து | இல்லை | விழ வழியில்லை | ஓய்வு | எதுவுமில்லை | இவற்றில் மிகக் குறைவு |

## எந்த வரிசையில் போவது

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. உடல்நிலை தடை சொல்லாத, கழுத்து நன்றாக உள்ள ஒருவருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் டால்ஃபின். தலை தரையில் படாமல், மூச்சு வாங்காமல் ஒரு நிமிடம் நிற்க வரும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். அப்புறம் சுவரில் கால் வைத்த அரை நிலை. அந்த நிலையில் முன்னங்கையைத் தரையில் அழுத்தி, தலையைத் தரையிலிருந்து ஒரு நூல் தூக்கிப் பாருங்கள். தூக்க முடிந்தால் உங்கள் தோள் எடையை வாங்கக் கற்றுக்கொண்டுவிட்டது. முடியாவிட்டால் இன்னும் சில வாரம் அங்கேயே இருங்கள். இந்தச் சோதனையைத் தாண்டியவர் மூலையிலோ ஆசிரியருடன் நடுத்தரையிலோ முழங்கால் மடித்து ஏறும் முறைக்குப் போகலாம். ஆசிரியர் கிடைக்கிறார் என்றால் மூலையை விட்டுவிட்டு நேராக நடுத்தரைக்கே போய்விடுங்கள்.

கழுத்தில் ஏற்கெனவே தேய்மானம் உள்ளவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. மருத்துவர் சம்மதித்தால் கயிறு அல்லது ஸ்டூல், அதற்கு மேல் வேண்டாம். பிரஷருக்கு மாத்திரை சாப்பிட்டுக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள், தலைகீழாவது எதுவாக இருந்தாலும் தங்கள் மருத்துவரிடம் ஆசனத்தைச் செய்து காட்டியோ படத்தைக் காட்டியோ கேளுங்கள். "யோகா செய்யலாமா" என்று பொதுவாகக் கேட்டால் "தாராளமாக" என்றுதான் பதில் வரும்.

எந்த வழியிலும் வெறும் வயிறு அவசியம். சாப்பிட்டு மூன்று, நான்கு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஆரம்பத்தில் பத்து மூச்சு நின்றால் போதும். கையில் மரத்துப்போன உணர்வு, கழுத்தில் குத்தல், கண்ணில் அழுத்தம், பார்வை மங்கல் இவற்றில் எது வந்தாலும் உடனே, ஆனால் பதறாமல் இறங்குங்கள். அந்த அறிகுறி திரும்ப வந்தால் மருத்துவரைப் பார்க்காமல் தொடராதீர்கள். இறங்கியதும் நெற்றி தரையில் பட முழங்காலிட்டுக் குனிந்து அரை நிமிடமாவது இருங்கள். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

வகுப்பில் சேருமுன் ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சிரசாசனத்துக்கு முன் என்னென்ன பழக்குவீர்கள்? ஒரு நேரத்தில் எத்தனை பேர் ஏறுவார்கள்? என் கண்ணுக்கும் பிரஷருக்கும் என்ன கேட்டுக்கொண்டு வர வேண்டும்? மூன்றாவது கேள்வியை நீங்கள் கேட்பதற்கு முன் அவரே கேட்டுவிட்டால் அங்கே சேர்ந்துவிடலாம்.